தட்டில் மிச்சம்

மருமகளின் தட்டில் நாலாவது கரண்டி கீரையைக் கொட்டினாள் மாமியார்.

"போதும் அத்தை. இது வயிறா, மூட்டையா?"

"சார்ட்ல போட்டிருக்கு. சாப்பிடு."

அந்த டயட் சார்ட், நாலு பக்கமும் டேப் போட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. குழந்தைக்காகப் பார்த்த டாக்டர், பரிசோதனைகள் முடிந்ததும் கணவனை மட்டும் உள்ளே கூப்பிட்டார். வெளியே வந்தவன் கையில் இந்தத் தாள்.

"உனக்குத்தான். மூணு மாசம் இப்படிச் சாப்பிட்டா சரியாகிடுமாம்."

அன்றிலிருந்து கீரை, முட்டை, பூசணி விதை என்று அவள் வாய்க்கு ஓய்வில்லை.

கணவன் அறிவியல் வாத்தியார். வீட்டிலும் பாடம்தான்.

"எந்த ஜீன் வேலை செய்யணும், எது சும்மா இருக்கணும்னு நாம சாப்பிடறதுதான் முடிவு பண்ணுது. குழந்தை பிறக்கறதே சாப்பாட்டுலதான் இருக்கு, தெரியுமா?" என்றான், சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டே. ஊருக்குத்தானே உபதேசம்.

மாமியார் பாக்கெட்டைப் பிடுங்கினாள்.

"இவ எதிர்ல தின்னாதே, ஆசைப்படுவா."

சோடா பாட்டிலும் இப்படித்தான் வீட்டை விட்டுப் போயிருந்தது.

பாதிக்கு மேல் முடியாமல் மருமகள் தட்டைத் தள்ளினாள்.

"வீணாக்கக் கூடாது. மிச்சத்தை நீ சாப்பிடு," என்று மாமியார் அதை மகன் பக்கம் நகர்த்தினாள். இது தினமும் நடப்பதுதான். அவன் முனகிக்கொண்டே தின்றுவிட்டு ஸ்கூலுக்குக் கிளம்பினான்.

அவன் தலை மறைந்ததும் மருமகளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"எழுபது நாளா, குறை எனக்குத்தான்னு வேளாவேளைக்குத் தட்டுல வச்சுக் குத்திக் காட்டறீங்க. நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்."

போகிற போக்கில் சார்ட்டை வெடுக்கென்று பிய்த்தாள். மேல் விளிம்பை இரண்டு விரல் அகலத்துக்குப் பின்னால் மடித்து ஒட்டியிருந்தது. மடிப்பு பிரிந்தது.

நோயாளி என்ற இடத்தில் கணவனின் பெயர். கீழே, 'விந்தணு குறைவு. வறுவல், சோடா கூடாது.'

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன், விதையை மட்டும் பெண்டாட்டிக்குத் தின்னக் கொடுத்திருக்கிறான்.

"உங்களுக்குத் தெரியுமா அத்தை?"

"ஒட்டின மறுவாரமே டேப் விட்டுப்போச்சு. நான்தான் திரும்ப ஒட்டினேன்." மாமியார் தலை நிமிரவில்லை. "அவனுக்குன்னு சொன்னா ரோஷத்துல ஒரு வாய் தொடமாட்டான். அதான் உனக்கு நாலு கரண்டி. உங்கிட்ட மறைச்சது தப்புதாம்மா."

மருமகளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

மறுநாள் காலை சார்ட் பழைய இடத்திலேயே, பழைய மடிப்போடு ஒட்டியிருந்தது. கணவன் ஜீனைப் பற்றி ஆரம்பித்தான்.

மருமகள் தட்டை நீட்டினாள்.

"இன்னும் ரெண்டு கரண்டி சேர்த்தே வைங்க அத்தை. இன்னைக்கு எனக்குப் பசியே இல்லை."