உடன் வந்தவர்

“காணும் பொங்கல் அதுவுமா ஒருத்தன் காலை ஒடைச்சிக்கினு ஒக்காந்துக்கினு இருக்கான் மேடம். படம் அனுப்பியிருக்கேன், கொஞ்சம் பாருங்க” என்றார் குணாளன் போனில்.

டாக்டர் அஸ்வினிக்கு எரிச்சலாக வந்தது. ஊரே லீவு கொண்டாடும் மத்தியானத்தில் தனக்கு மட்டும் கணுக்கால் பார்க்கும் வேலையா? ஆனாலும் போன் அடித்ததில் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. அதை அவர் யாரிடமும் ஒப்புக்கொள்ள மாட்டார். காலையிலிருந்து அது ஒரு தடவைகூட அடிக்கவில்லை.

அஸ்வினி திருவள்ளூரில் தன் வீட்டில் உட்கார்ந்தபடியே எக்ஸ்ரே படங்களைப் பார்த்து ரிப்போர்ட் சொல்பவர். குணாளன், கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஒரு சின்ன எக்ஸ்ரே சென்டரில் படம் எடுப்பவர். ஆறு வருஷமாகப் பேசுகிறார்கள், நேரில் பார்த்துக்கொண்டதில்லை. இரும்பு விழுந்த கால், லாரிச் சக்கரம் ஏறிய கால் என்று அந்த ஊர்க் கால்கள் அத்தனையும் அஸ்வினிக்குத் தெரியும். ஒரு முகம்கூடத் தெரியாது.

படத்தைத் திறந்து பார்த்தார்.

“என்ன குணாளன் இது? கால் ஒரு பக்கமா கோணிக்கிட்டு கிடக்கு. ஓரத்துல சுருள் சுருளா, படம் எடுக்கற ஸ்விட்ச்சோட ஒயர் வேற தெரியுது. இப்படி ஒரு படம் நீங்க அனுப்பினதே இல்லையே.”

“அவசரத்துல எடுத்தது மேடம்.”

“சென்டர் இன்னைக்கு லீவுன்னு சொன்னீங்க?”

“லீவுதான். ஊட்ல ஒக்காந்து இன்னா பண்றதுன்னு தொறந்து வச்சிக்கினு இருந்தேன்.”

“எப்படி அடிபட்டது?”

“நம்ம வாசப்படியில வழுக்கி உழுந்துட்டான். பேமானி, கீழ பாத்து நடக்கத் தெரியல.”

“பேஷன்ட்டை அப்படியெல்லாம் பேசாதீங்க” என்று அதட்டினார் அஸ்வினி. குடித்துவிட்டுத் தள்ளாடி வருகிறவனைக்கூட ‘அண்ணே’ என்று கூப்பிடுகிற ஆள். இன்றைக்கு என்ன வந்தது இவருக்கு?

“ரெண்டு பக்க எலும்பும் உடைஞ்ச மாதிரி இருக்கு. மூட்டு நகர்ந்திருக்கான்னு தெரியணும். பாதத்தைக் கொஞ்சம் உள்பக்கமா திருப்பி வச்சு இன்னொரு படம் எடுங்க. உங்க அசிஸ்டென்ட் செண்பகத்தைப் பிடிச்சுக்கச் சொல்லுங்க.”

“அந்தப் பொண்ணும் லீவு மேடம். புள்ளைங்களை இட்டுக்கினு பழவேற்காடு போய்க்கீது.”

“அவர்கூட வந்தவங்க?”

“யாரும் வரல மேடம்.”

“சரி, எப்படியாவது எடுங்க. நான் லைன்லயே இருக்கேன்.”

வழக்கமாக இரண்டு நிமிஷத்தில் முடிகிற வேலை. இன்றைக்குப் பன்னிரண்டு நிமிஷம் ஆனது. ஸ்டூலோ எதுவோ தரையில் இழுபடும் சத்தம் கேட்டது, அப்புறம் பல்லைக் கடித்துக்கொண்டு முனகும் சத்தம். வலி தாங்காமல் ஒரு தடவை ‘அம்மா’ என்று அலறியதும் கேட்டது.

கையைப் பிடித்துக்கொள்ளக்கூட ஆளில்லாமல் ஒரு மனிதர் இப்படித் துடிக்கிறாரே என்று நினைத்தார் அஸ்வினி. போன மார்ச்சில் காய்ச்சலோடு தான் நான்கு நாள் படுத்துக் கிடந்ததும், கதவைத் தட்டிக் கேட்க ஒருவரும் வராததும் ஞாபகம் வந்தது. தனியாக இருந்து பழகிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்வார். பழகவில்லை.

இரண்டாவது படம் வந்தது. சந்தேகமே இல்லை. எலும்பு இரண்டும் உடைந்து, மூட்டு இடம் மாறியிருந்தது.

“குணாளன், நல்லா கேளுங்க. அந்தக் காலைத் தரையில வைக்கவே கூடாது. இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயாகணும். ரத்த ஓட்டம் நின்னுட்டா பாதமே போயிடும். விரல் எப்படி இருக்கு?”

“மரத்துப் போச்சு மேடம். ஜில்லுனு இருக்குது.”

“ஐயோ! உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. அவர் வீட்டுக்குச் சொல்லிட்டீங்களா?”

“ஊட்ல யாரும் இல்ல மேடம்.”

“மனைவி, பிள்ளைங்க?”

“இல்ல.”

“கூட வேலை பார்க்கிறவங்க யாராவது இருப்பாங்கல்ல?”

“நல்ல நாளும் அதுவுமா யாரைப் போய் பேஜாரு பண்றதுன்னு பாக்கறான் மேடம். ஒரு ஷேர் ஆட்டோ புடிச்சு ஊட்டுக்குப் போய்ப் படுத்துக்கினா காலைல சரியாப்பூடும்னு நெனைக்கிறான்.”

அஸ்வினிக்குக் கோபம் தலைக்கேறியது. கோபம்கூட இல்லை, பயம்தான். பாதமே போய்விடும் என்கிறோம், யாருக்கோ தொந்தரவாகிவிடும் என்று யோசிக்கிறானே இந்த மனுஷன்!

“நீங்க சொன்னா அவர் கேக்க மாட்டார். போனை அவர்கிட்ட குடுங்க, நான் பேசறேன்.”

போன் கை மாறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு, அஸ்வினி தொண்டையைச் செருமிக்கொண்டு, முன்பின் தெரியாத ஒருவரிடம் பேசுகிற பதமான குரலில் ஆரம்பித்தார்.

“வணக்கம்ங்க. நான் டாக்டர் பேசறேன். பயப்படாதீங்க. யாரும் இல்லைன்னு நினைக்காதீங்க, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நான் உங்க கூடப் பேசிக்கிட்டே இருக்கேன். கேக்குதாங்க?”

“கேக்குது மேடம்.”

அது குணாளனின் குரல்.

“உங்ககிட்ட இல்ல குணாளன். போனை பேஷன்ட் கையில குடுங்கன்னேன்.”

“பேஷன்ட் கையிலதான் மேடம் இருக்குது.”