அறைக்குள் கூச்சல்

மனநல மருத்துவரின் மூடிய அறைக்குள்ளிருந்து பதினைந்து வயதுச் சிறுமியின் கூச்சல் வெளியே கேட்டது.

“என்னை ஏன் விட்டுட்டுப் போனே? இனிமே உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்!”

ஏதோ விழுந்து உடைந்தது. வெளியே காத்திருந்த அவளுடைய அம்மா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

“காதல் விவகாரமா?” பக்கத்து நாற்காலிப் பெண் முகம் சுளித்தாள். “கொஞ்சம் கண்டிச்சு வளர்த்திருக்கலாம்.”

கதவு திறந்தது. சட்டையெல்லாம் தண்ணீர் சொட்ட மருத்துவர் சிரித்துக்கொண்டே வந்தார்.

“என்னை அப்பாவா நினைச்சுத் திட்டித் தீர்த்துட்டா. இந்த வயசு மூளையில கோபம் முந்திக்கும், பிரேக் மெதுவாத்தான் பிடிக்கும். கத்தட்டும், விடுங்க.”

அம்மா குலுங்கி அழுதபடியே சிரித்தாள்.

“இதுக்குப் போயா சிரிக்கிறீங்க?” என்றாள் பக்கத்துப் பெண்.

“அவங்கப்பா செத்த அன்னைக்கு மூடின வாய்ங்க. இன்னைக்குத்தான் பேசியிருக்கா.”