விலகியவர்

"விலகியவர்: பெவின் பொன்னுதுரை."

கம்ப்யூட்டர் திரையில் வந்திருந்த அந்த ஒரு வரியைப் பொன்னுதுரை மறுபடி மறுபடி படித்தார். மகன் பெயர்தான். அப்பன் பெயரும் கூடவே ஒட்டிக்கொண்டு கிடந்தது.

துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்துவிட்டு இப்போது திசைக்கு ஒருவராகக் கிடப்பவர்களுக்கு இணையத்தில் ஒரு குழு உண்டு. அந்தக் குழுவுக்குச் சனிக்கிழமைதோறும் இமெயிலில் மடல் போடுவது பொன்னுதுரையின் பொறுப்பு.

எந்தக் கப்பல் வந்தது, யார் வீட்டில் கல்யாணம், யார் செத்தார் என்று அவர் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு ஸ்டெபி தட்டுவாள். அனுப்புகிற பட்டனை மட்டும் அவர்தான் அமுக்குவார். அந்த விஷயத்தில் அவர் யாரையும் நம்புவதில்லை.

மடலின் அடியில் நீல எழுத்தில் இங்கிலீஷில் ஒரு வரி இருக்கும். மடல் வேண்டாம் என்கிறவர் அதை அமுக்கினால் பெயர் தானாக வெட்டுப்படும். போன மாதம் குழுவில் இருக்கும் அய்யாக்குட்டி தனக்கு வந்த மடலை மச்சானுக்குத் திருப்பிவிட, மச்சான் விரல் அதில் பட்டு, அய்யாக்குட்டியின் பெயர் போய்விட்டது. கட்சி பார்த்துப் பொன்னுதுரைதான் வெட்டிவிட்டதாக அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

அய்யாக்குட்டி சண்டைக்காவது வந்தார். பெவின் சத்தமே இல்லாமல் போய்விட்டான்.

தோஹா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான் பெவின். அப்பா பலர் காலைப் பிடித்து இங்கே வாங்கிக் கொடுத்த வேலையை உதறிவிட்டுப் போனவன். அன்றோடு பொன்னுதுரை அவனிடம் பேச்சை நிறுத்தினார். போனில் அவனோடு பேசினால் நீயும் அங்கேயே போய்விடு என்று மனைவி கிருபையிடமும் சொல்லிவைத்தார்.

ஆனால் மடல் போகிற பட்டியலில் இருந்து அவன் பெயரை அவர் எடுக்கவில்லை. அவனும் விலகவில்லை. இத்தனை வருஷமாக அப்பனுக்கும் மகனுக்கும் இருந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

இப்போது அதுவும் இல்லை.

மாடியில் கிருபை மெத்தையை வெயிலில் போட்டுத் தட்டுகிற சத்தம் கேட்டது. காலையிலிருந்தே அங்கேதான் ஏதோ உருட்டிக்கொண்டிருந்தாள்.

"எழுதுளா," என்றார் பொன்னுதுரை. அவர் எழுதச் சொன்னதைக் கேட்டதும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஸ்டெபி தட்டாமல் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒரு தடவ அண்ணன கூப்பிட்டுக் கேளுங்க பெரியப்பா."

"வேண்டாம்னு போனவன்ட்ட நான் என்னத்தக் கேக்க? நீ தள்ளு."

கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒற்றை விரலால் அவரே தட்டினார். எழுத்து எழுத்தாகத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. நடுவில் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"தோஹாவில் இருக்கும் பெவின் இனி என் மகன் இல்லை. அவனுடைய நல்லது கெட்டது எதற்கும் என்னை யாரும் கூப்பிட வேண்டாம். நான் செத்தாலும் அவன் வரக் கூடாது. பொன்னுதுரை."

ஸ்டெபி எட்டிப் படித்தாள். அண்ணன் பெயர் வெட்டுப்பட்டதால் அவனுக்கு இது போகாது, அவனோடு வேலை பார்க்கிற நம் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் போகும் என்றாள். அவர்கள் வாயிலிருந்துதான் அவன் இதைக் கேட்க வேண்டியிருக்கும் என்றாள்.

"கேக்கட்டும்."

"அனுப்பிட்டா திருப்பி எடுக்க முடியாது பெரியப்பா. நெனச்சாலும் முடியாது."

"திருப்பி எடுக்கவா அனுப்புதேன்?"

அமுக்கினார். மடல் போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் மேஜைமேல் இருந்த போன் அடித்தது. வெளிநாட்டு நம்பர். அடித்து ஓய்ந்தது, வேறொரு நம்பரில் இருந்து மறுபடி அடித்தது. பொன்னுதுரை அதைக் கவிழ்த்து வைத்தார்.

கிருபை மாடியில் இருந்து இறங்கி வந்தாள். தலையில் பஞ்சு ஒட்டியிருந்தது. முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவோரமாக நின்றாள். எதையோ சொல்ல வந்து, சொல்லத் தைரியம் போதாமல் நிற்கிறவள் மாதிரி இருந்தது.

"ஒரு காரியம் சொல்லணும், வையாதீய. பேசக் கூடாதுன்னுதான சொன்னீய, நான் பேசல. நீங்க போடுத மடல பெவின் வாரா வாரம் என் போனுக்குத் திருப்பி விடுதான். மேல எனக்குன்னு ரெண்டு வரி எழுதியிருப்பான். படிப்பேன், அவ்வளவுதான்."

ஸ்டெபி திரையைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள்.

"நேத்து வந்ததுல, கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வரட்டுமாம்மான்னு கேட்டிருந்தான். அதான் மெத்தையெல்லாம் எடுத்துக் காயப் போட்டேன்."

கவிழ்ந்து கிடந்த போன் மறுபடி அடித்தது. யாரும் எடுக்கவில்லை.

"நீ என்ன பதில் போட்ட?" என்றார் பொன்னுதுரை.

"எனக்கு அதுல எழுதவா தெரியும்? கேஸ் புக் பண்ணயில சரின்னு அமுக்குவோம்லா, அது மாதிரி அடியில கெடந்த நீல எழுத்த அமுக்கிட்டேன், வாய்யான்னு."