வெளுத்த துத்தி

அது பதினோராம் வருடமா, பன்னிரண்டாம் வருடமா என்பது செல்லக்கிளிக்கே இப்போது உறுதியாகத் தெரியவில்லை. ஈயம் ஊறிய தன் நிலத்துக்கு மருந்தாகத் துத்திச் செடி வளர்த்து, அது உறிஞ்சிய நஞ்சை இலையோடு பறித்து அழிக்க அனுப்பிக்கொண்டே இருந்தாள். நிலம் நஞ்சானதால் குடும்பத்தை முகாமில் குடியேற்றியிருந்தார்கள்; இலையில் ஈயம் இல்லையென்றால் அதை விட்டு வீடு திரும்பலாம். அதனால் ஒரு சருகைக்கூட மண்ணில் விழ விட்டதில்லை.

அன்று பரிசோதகர் வெளுத்த இலையொன்றில் கருவியை வைத்தார். "ஈயம் சுத்தமா இல்லம்மா."

"பறிச்சுப் பறிச்சு இவ கைதான் சார் பச்சையாயிடுச்சு," என்றான் கணவன் அருமைநாதன்.

பரிசோதகர் கருவியை மண்ணிலும் ஊன்றிப் பார்த்தார். "இரும்பும் இல்ல. சுண்ணாம்பு, துத்தநாகம் எதுவுமே இல்ல. எல்லாத்தையும் பறிச்சிட்டீங்க. இனி இங்க புல்லுகூட மொளைக்காது."

"வீட்டுக்குப் போலாமா, கூடாதா சார்?"

"போலாம்."

போனார்கள். அருமைநாதன் இரண்டாம் கோடையில் இறந்தான். செல்லக்கிளி முகாமுக்கே திரும்பிவிட்டாள். நிலத்தில் எதுவும் முளைக்கவில்லை.