கப்பல் சுரம்

வலது சுண்டுவிரல் மறுபடியும் வெள்ளைக் கட்டைக்கு வழுக்கியது.

அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மத்தியான வெயில் பியானோவின் மூடியில் கிடந்தது.

பாட்டுப் புத்தகத்தில் அச்சாகியிருப்பது சாதாரண ஜி செவன்த். ஒரே நேரத்தில் அழுத்தவேண்டிய நான்கு வெள்ளைக் கட்டைகள். அவள் கணவர் அதில் 'டி' என்ற கட்டையைப் பென்சிலால் அடித்துவிட்டு, இரண்டு கறுப்புக் கட்டைகளைச் சேர்த்திருந்தார். ஆல்டர்ட் செவன்த் என்பார். இளமையில் பயணிகள் கப்பலில் ஜாஸ் வாசித்தபோது பழகியது.

சபையில் அதற்குப் பெயர் கப்பல் சுரம்.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவள் தனியாகப் பாடும் பாட்டு. அதன் கடைசி வரியில் மட்டும் அது வரும். ஆராதனை முடிந்ததும் சபைக் கமிட்டி வேதமுத்து அவரை வாசலில் பிடித்துக்கொள்வார்.

"கப்பல விட்டு எறங்கி எத்தன வருசமாச்சி அண்ணாச்சி? இன்னும் ஆடுதே!"

அவர் சிரிப்பார்.

அவளும் ஒருமுறை கடிந்துகொண்டாள், கர்த்தருடைய வீட்டில் இது எதற்கு என்று. அதற்கும் சிரிப்புதான். உள்ளே போய் அவளுக்குக் காப்பி கலந்து கொண்டுவந்தார்.

வரும் ஞாயிறோடு அவர் போய் ஒரு வருடம். போன கிறிஸ்துமஸுக்கு அவள் பாடவில்லை. நினைவு ஆராதனையில் தானே வாசித்துப் பாடுவதாகப் போதகரிடம் சொல்லியிருந்தாள். கணவர் வாசித்தபடியே.

மறுபடி விரல்களைப் பரப்பினாள். இந்தத் தடவை வந்துவிட்டது.

தனியாகக் கேட்க, பச்சை மாங்காயைக் கடித்ததுபோல் பல் கூசியது.

கூடவே பாடிப் பார்த்தாள்.

கூச்சம் போய்விட்டது. அவர் நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டதுபோல, குரல் அதற்குள் போய் உட்கார்ந்தது.

சும்மா, அச்சில் இருப்பதையும் ஒருமுறை வாசித்துப் பாடினாள்.

குரல் இடறியது.

விரல்களைப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தன. மறுபடி பாடினாள். அதே இடம்.

அந்த வரி போய் நிற்கவேண்டிய 'டி'யை மட்டும் தட்டினாள். குரல் அதற்குக் கீழே நின்றது. மூச்சை இழுத்து ஏறிப் பார்த்தாள். எட்டவில்லை.

அதற்கு இடப்பக்கம், அவர் சேர்த்திருந்த கறுப்புக் கட்டையைத் தட்டினாள்.

அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். முப்பது வருடமாக.

வெயில் மூடியை விட்டு இறங்கி, சுவர்வரை போய்விட்டது. அவள் எழுந்திருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, அச்சில் இருந்தபடியே வாசித்துப் பாடினாள்.

கடைசி வரியில் குரல் பிசகியது. கோயில் முழுக்கக் கேட்டது. ஒரு பெஞ்சு கிரீச்சிட்டது. யாரோ இருமினார்கள்.

புத்தகத்தை மூடாமல், அந்த ஒரு வரியை மட்டும் மறுபடி எடுத்தாள். சுண்டுவிரல் கறுப்புக் கட்டையில் வழுக்காமல் நின்றது.

அதே குரல்தான்.

இப்போது யாரும் இருமவில்லை.

வாசலில் வேதமுத்து நின்றிருந்தார்.

"மதினி..." என்றார்.

எழுபது வயது மனிதர். தூணைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தார். குவிந்து கிடந்த செருப்புகளுக்குள் அவளுடைய ஜோடியைத் தேடி எடுத்து, அவள் காலுக்கு நேராகத் திருப்பி வைத்தார்.