இரண்டு பெட்டி, ஒரு பை

காலை வெயில் கார் கண்ணாடியில் பட்டுக் கண்ணைக் கூச வைக்கிறது. மகன் கால்பம்பை மிதித்து டயருக்குக் காற்று அடிக்கிறான். மருமகள் டிக்கியில் அடுக்குகிறாள்: புருஷன் பெண்டாட்டிக்குச் சேர்த்து ஒரே ஒரு கைப்பை, அப்பாவுக்கு மட்டும் இரண்டு பெரிய பெட்டிகள். கம்பளி, சுவர்க்கடிகாரம், செத்துப்போன அம்மாவின் படம்கூட அவருக்குத் தெரியாமல் உள்ளே போயாயிற்று. முன்சீட்டில் பெல்ட் மாட்டி உட்கார்ந்திருக்கும் அப்பா, சட்டைப்பையில் வீட்டுச் சாவி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்கிறார். "நாம எப்படா திரும்பி வரோம்?" "நாங்க புதன்கிழமை வந்துடுவோம்பா." சொன்ன பிறகுதான் மகனுக்கு உறைக்கிறது. பம்பை அழுத்திய கால் அப்படியே நிற்கிறது. மருமகள் டிக்கியைப் பட்டென்று சாத்துகிறாள். அப்பாவின் கட்டைவிரல் பெல்ட் பொத்தானைத் தேடுகிறது. அதைக் கழற்ற அவருக்கு எப்போதும் இன்னொரு கை வேண்டும்.