ஓடை மெழுகிய தரை

வளைவில் ஓடையின் தண்ணீர் எப்போதும் சில்லென்று இருக்கும். "அது என் பிறவிக் குணம்" என்று ஓடை பீற்றிக்கொள்ளும். அடியில் கிடக்கும் மணலை மட்டும் அதற்குப் பிடிக்காது.

"தினமும் என் தண்ணியை உறிஞ்சுற. திருட்டுப் பய நீ."

"வாங்கித் திருப்பித் தர்றேன், திருடல" என்றது மணல். ஓடை காதில் போட்டுக்கொள்ளவில்லை. மழையில் வந்த களிமண்ணைக் கூப்பிட்டு, "தரையை நல்லா மெழுகு. ஒரு சொட்டுகூட இறங்கக் கூடாது" என்றது.

களிமண் மெழுகியது. ஓடை ததும்பியது. பத்தே நாளில் பக்கத்து வயலிலிருந்து வடிந்த உரமெல்லாம் தண்ணீரில் தங்கி, பாசி பிடித்து நாறியது. வளைவிலும் தண்ணீர் சுட்டது. அங்கே குடியிருந்த அயிரை மீன் மூச்சுத் திணறி மேலே வந்தது.

"அக்கா, உங்க பிறவிக் குணம் எங்கே போச்சு?"

ஓடை கரையில் இருந்த நண்டைப் பார்த்து, "கொஞ்சம் தோண்டேன்" என்றது.

நண்டு களிமண்ணைத் துளைத்து வளை போட்டது. தண்ணீர் அதன் வழியே மணலுக்குள் இறங்கியது. ஒரு நாள் ஆயிற்று, இரண்டு நாள் ஆயிற்று. போனது திரும்பவில்லை.

மூன்றாம் நாள் காலை, வளைவில் மணல் மெல்லக் கொப்பளித்தது. தெளிந்த தண்ணீர் மேலே வந்தது.

"ஏன் இத்தனை நாள்?" என்றது ஓடை.

"அழுக்கு அவ்வளவு" என்றது மணல்.

அயிரை துள்ளியது. "அக்கா, பழையபடி சில்லுன்னு இருக்கீங்க!"

ஓடை வழக்கம்போலப் பீற்றிக்கொள்ள வாயைத் திறந்தது. பிறகு மூடிக்கொண்டு, நண்டின் பக்கம் திரும்பியது.

"இன்னும் நாலு வளை போடு."